பிருடை

வீணையைப் பற்றிப் பேச நேர்ந்தால் குடத்தின் அழகையும் யாளி முகத்தின் செதுக்கலையும் மெழுகில் பதித்த 24 மெட்டுகளையும் பேசுகிறோம். பிருடையைப் பற்றிப் பேசுவோர் அரிது. ஏழு தந்திகளுக்கு ஏழு பிருடைகள். திருகினால் இளகவேண்டும், கையை எடுத்தால் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு கடமைகளையும் நிறைவேற்றப் பிருடைக்குத் துணையாக மறையாணியும் இல்லை, பசையும் இல்லை. மரத்தின் மீது மரம் உராயும் உராய்வு ஒன்றே தந்தியின் இழுப்பைத் தாங்குகிறது.

பாகூரில் எங்கள் வீட்டிலிருப்பது பாட்டியின் தஞ்சாவூர் வீணை. பலா மரத்தில் ஆனது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வீணைக்குப் பலா மரம் போவது எங்களுக்கு மேற்கே, அதிகத் தொலைவில்லாத பண்ருட்டிப் பகுதியிலிருந்து என்பதில் எங்களுக்கு ஒரு சிறு பெருமை உண்டு. அண்ணன் மகள் அதில் கற்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் புலப்பட்டது. சாரணித் தந்தி ஒரு வர்ணம் முடிவதற்குள் இறங்கிவிடும். குழந்தையின் காது பிசகான சுருதிக்குப் பழகிவிடுமோ என்று அஞ்சினோம். கிதாருக்கு உள்ளதுபோன்ற பற்சக்கரத் திருகிகளைப் பொருத்திவிடலாம் என்றார்கள் சிலர். தவறான யோசனை அன்று. பலரும் அப்படிச் செய்கிறார்கள். ஆயினும் அதற்காகப் பழைய மரத்தில் புதிய ஓட்டைகள் போட எங்களுக்கு மனம் வரவில்லை.

வில்லியனூரில் கட்டில் கால்களும் படிக்கட்டுக் கைப்பிடித் தூண்களும் கடைந்து தரும் பட்டறை ஒன்றை நாடினோம். பெரியவர் பிருடையை வாங்கி உருட்டிப் பார்த்தார். "கட்டில் காலுன்னா நாலும் கண்ணுக்கு ஒண்ணா இருந்தாப் போதும் தம்பி. இதுக்குக் கண்ணு உதவாதே" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் அளவெடுக்கையில் விளங்கியது. பிருடை உருளை அன்று, கூம்பு. இன்றைய வயலின் பிருடைகளில் வழக்கமான சரிவு முப்பதுக்கு ஒன்று. அதாவது 30 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும். இந்தச் சரிவில் விட்டம் 0.1 மி.மீ. கூடினால் பிருடை 3 மி.மீ. வெளியே துருத்தி நிற்கும். எங்கள் வீணையின் துளைகளோ எந்தப் பொது அளவுக்கும் உட்படவில்லை. ஒவ்வொன்றும் ஒரு விதம். ஆகவே நான்கு பிருடைகளை நான்கு தனி வேலைகளாகவே கடையவேண்டியிருந்தது.

தோதகத்திக் கட்டைகளை முதலில் சற்றுத் தடிமனாகக் கடைந்து, நிழலில் சில மாதங்கள் போட்டுவைத்தார். காரணம் உண்டு. உலரும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாய்ச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. ஈரக் கட்டையில் வட்டமாய்க் கடைந்தது உலர்ந்தபின் நீள்வட்டமாகிவிடும். நீள்வட்டப் பிருடை இரண்டு இடங்களில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். இரண்டாம் முறை கடையும்போது உளி மரத்தை வருடுவதுபோலவே சென்றது. அழுத்தினால் மெல்லிய கட்டை நடுவில் வளைந்துகொடுக்கும், நடு தடித்துப்போகும்.

இயந்திரத்தின் வேலை அத்தோடு முடிந்தது. பிருடையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துத் துளையில் செருகித் திருகி எடுத்தால், உரசிய இடங்கள் மட்டும் பளபளக்கும். அவ்விடங்களை மட்டும் உப்புத்தாளால் நீவி, மறுபடி செருகிப் பார்க்கவேண்டும். நீளம் முழுதும் ஒரே சீராய்ப் பளபளக்கும்வரை அவர் இதைச் செய்தார். சாரணிக்கு மட்டும் ஒரு முழு மாலை ஆயிற்று.

பொறுமையிழந்த எங்களில் ஒருவர், துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டால் வேலை விரைவாய் முடியாதா என்று கேட்டோம். பெரியவர் தலையசைத்து மறுத்தார். பிருடை பழுதானால் இன்னொன்று கடையலாம். துளையோ ஒவ்வொரு திருத்தத்திலும் பெரிதாகிக்கொண்டே போகும். அதை அடைத்துப் புதிதாய்த் துளைக்கலாம்தான், ஆனால் பழைய பலா மரத்தில் அத்தனை முறை கைவைக்க இடம் ஏது? இவ்வளவு துல்லியமும் பிருடைக்காக அன்று, அது சென்று சேரும் மரத்தைக் காப்பதற்காகவே என்பதை அன்று உணர்ந்தோம்.

ஐப்பசி மழையில் பிருடைகள் சற்று இறுகின. சித்திரை வெயிலில் சற்று இளகின. உள்ளே ஓர் அழுத்தம் கொடுத்தால் போதும், நிற்கின்றன. தாளத் தந்திகளின் மூன்று பழைய பிருடைகள் இன்னும் நன்றாகவே இருப்பதால் அவற்றைத் தொடவில்லை. ஏழு துளைகளின் அளவுகளையும் ஓர் அட்டையில் எழுதி வீணைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். அடுத்துக் கடைபவர் யாராயினும் அவருக்கு அது பயன்படும்.