ஒரு நூல் குறை

மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நிலா, காதல், மழை மூன்றையும் சிவில் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் ஏற்கெனவே மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. எனவே நண்பர்களே, நான் எரித்த இரண்டு ட்வீட்டர்களைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மல்லசமுத்திரம். பருத்தி ஏலத்துக்குப் பேர் போன ஊர். ஆனால் எங்கள் தெருவில் காலையில் கண் விழிப்பது விசைத்தறிச் சத்தத்தில்தான். அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா வீட்டில் தார் சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் தெருவில் மிக்ஸி ஓடாவிட்டாலும், டி.வி. ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் "எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பையன்" என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வருடம் வந்தும் மிக்ஸி நம் சிலபஸில் வரவே இல்லை என்பதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்செங்கோட்டில் ஒரு கார் ஆடியோ கடைக்கு வேலைக்குப் போகிறேன். நாள் கூலி 350 ரூபாய். நம் பக்கத்துத் தனியார் பஸ்களில் போய் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாட்டு இல்லாத பஸ்ஸில் நம் சனம் ஏறவே யோசிக்கும். வேன், கார், ரிக் லாரி கேபின் என்று எல்லாவற்றுக்கும் செட் போட வருவார்கள். கடை அண்ணன் ஆம்பிளிஃபயரை செட் பண்ணுவதைப் பார்க்க வேண்டுமே! ஒரு குத்துப்பாட்டைப் போடுவார், கண்ணை மூடுவார், சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கெய்ன் திருகை ஏற்றிக்கொண்டே போவார். "இப்பக் கிழியுது பாரு" என்பார். "ஒரு நூல் குறை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறக்குவார். அவ்வளவுதான், வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒரு ஞாயிறு அண்ணன் கல்யாணத்துக்குப் போய்விட, எங்கள் ஊர்க்கார மாமா ஒருவரின் வேனுக்கு நானே செட் பண்ணினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எட்டூருக்குக் கேக்கோணும் மாப்ளே." நானும் அண்ணன் மாதிரியே கண்ணை மூடினேன், ஏற்றினேன், கிழிகிற மாதிரி பட்டதும் ஒரு நூல் குறைத்தேன். மாமாவுக்கு ஏக சந்தோஷம், டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் பழனிக்குப் போய்த் திரும்புகிற வழியில் இரண்டு ட்வீட்டரும் போய்விட்டன. கழற்றிப் பார்த்தால் தலைமுடி போன்ற அந்த வாய்ஸ் காயில் கருகிக் கிடந்தது.

புது ட்வீட்டர் இரண்டும் 1,800 ரூபாய். பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்தேன். பரீட்சைக் கட்டணத்துக்கு அப்பா தறிக்காரரிடம் கேட்டு வாங்கினார். ஏற்கெனவே இருக்கிற முன்பணக் கணக்கில் இன்னும் 2,000 ஏறியது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அடுத்த வாரம் அண்ணனிடம் கேட்டு அதே மாதிரி ஆம்பிளிஃபயர் ஒன்றையும் பழைய கார் பேட்டரி ஒன்றையும் சாக்குப் பையில் போட்டு லேபுக்குக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டார். ஸ்பீக்கருக்குப் பதிலாக 4 ஓம் பெரிய ரெசிஸ்டர். சி.ஆர்.ஓ. புரோபின் எர்த் கிளிப்பை ஸ்பீக்கர் மைனஸில் மாட்டப் போனேன். "டேய், நில்றா!" என்று சார் கத்தினார். இது உங்களுக்கும் உதவும், கேளுங்கள். பல கார் ஆம்பிளிஃபயர்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயருமே சூடானவை, ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வரும். அதில் ஒன்றை எர்த் பண்ணினால் அவுட்புட் போயே போச்சு. இரண்டு சேனலையும் ஒவ்வொரு வயரிலும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்குச் சார் இல்லாவிட்டால் ட்வீட்டர் கணக்கோடு ஆம்பிளிஃபயர் கணக்கும் சேர்ந்திருக்கும்.

1 கிலோஹெர்ட்ஸ் சைன் வேவ் கொடுத்து மெதுவாக ஏற்றினோம். அழகாக வளர்ந்துகொண்டே வந்த அலையின் தலை ஓரிடத்தில் தட்டையாகியது. கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி! பாடத்தில் 'கிளிப்பிங்' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன். ஆம்பிளிஃபயரால் தன் சப்ளை வோல்ட்டேஜைத் தாண்டிக் கொடுக்க முடியாது. கூரை இடிக்கிற இடத்தில் அலை மழுங்கிவிடும். திருகைப் பார்த்தேன், கடிகார முள் கணக்கில் பத்து மணியைத் தாண்டியிருந்தது. மாமாவின் வேனில் நான் வைத்தது மூன்று மணி!

இதில் நாம் செய்கிற பெரிய தப்பு, கெய்னை வால்யூம் என்று நினைப்பது. அது வால்யூம் இல்லை. பிளேயரிலிருந்து வருகிற வோல்ட்டேஜ் எவ்வளவோ அதற்கு ஆம்பிளிஃபயரைப் பொருத்துகிற இடம். பொருந்திய பிறகும் ஏற்றினால் அலை உயராது, சப்பையாகி அகலும். முழுச் சதுரமாகிவிட்டால் அதே உயரமுள்ள சைன் வேவைப் போல இரண்டு மடங்கு பவர். அதோடு கிளிப் ஆன அலையில் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கும். 1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் 3 கிலோஹெர்ட்ஸும் 5 கிலோஹெர்ட்ஸும் அழையா விருந்தாளிகளாக வந்து நிற்கும். இன்னொன்றும் நடக்கும். பாட்டில் பேஸ் பெரியது, அது முதலில் கூரையை முட்டி நின்றுவிடும். ட்வீட்டருக்குப் போகிற மெல்லிய சத்தமோ திருகத் திருக ஏறிக்கொண்டே இருக்கும். பாவம் ட்வீட்டர், அதனால் தாங்க முடிவது சில வாட்டுகள்தான்.

பெட்டியின் மேல் '1000 வாட்' என்று எழுதியிருந்தது. சார் அதைப் பார்க்கவே இல்லை, "ஃப்யூஸைப் பாரு" என்றார். 30 ஆம்பியர். வண்டி ஓடும்போது 14.4 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் உள்ளே போவதே 432 வாட். ஏ.பி. வகை ஆம்பிளிஃபயரில் அறுபது சதவீதம் வெளியே வந்தால் 260 வாட் சுமார். மீதி 740 வாட் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது.

சரி, பத்து மணியில் வெட்ட ஆரம்பித்தது எனக்கு ஏன் மூன்று மணி வரை தெரியவில்லை? வேனில் போட்டது குத்துப்பாட்டு, அதிலேயே ஏகப்பட்ட கரகரப்பு, அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இரண்டாம் வருட மினி பிராஜெக்டுக்குச் செய்த டி.டி.ஏ. 2030 போர்டு வீட்டில் இருந்தது. அதை லேபுக்குக் கொண்டுபோய், செல்போனிலிருந்தே 1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து, எந்த இடத்தில் வெட்டுகிறது என்று பார்த்து வால்யூம் குமிழில் தங்கச்சியின் நகப்பாலிஷால் புள்ளி வைத்தேன். ஸ்பீக்கருக்குத் தொடராக ஒரு ரெசிஸ்டர் போட்டேன். அப்படிப் போட்டால் வெட்டு வெட்டாகவே இருக்கும், சத்தம் மட்டும் காதைப் பிளக்காது.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரையும் உட்கார வைத்தேன். "சத்தம் மாறுச்சுன்னா கையத் தூக்குங்க" என்றேன். சுத்தமான சைன் வேவ் புல்லாங்குழல் மாதிரி வழவழவென்று இருக்கும். வெட்ட ஆரம்பித்ததும் அதோடு மெலிதாக ஒரு பீப்பி ஊதுகிற மாதிரி சேரும். புள்ளியை லேசாகத் தாண்டியதுமே தங்கச்சி கையைத் தூக்கினாள். கொஞ்சம் தள்ளி அம்மா. எனக்கு அம்மாவுக்கும் பிறகுதான் தெரிந்தது. அப்பா கையைத் தூக்கவே இல்லை. குமிழைக் கடைசி வரை திருப்பிவிட்டேன், சதுரமாகிவிட்டிருக்கும். "நல்லாத்தான கண்ணு இருக்குது" என்றார்.

பிறகு 4 கிலோஹெர்ட்ஸை மட்டும் தனியாகப் போட்டேன். தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டாள். அப்பா, "போட்டுட்டியா?" என்று கேட்டார்.

எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காது முதலில் போவது 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான். உள்காதில் அந்த இடத்து மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் தொழிற்சாலை விதிகளின் வரம்பு. தறிப்பட்டறை அதைத் தாண்டுவது சாதாரணம். அப்பா பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருபத்தெட்டு வருடம். 'ச', 'ஸ', 'ட' எல்லாம் மேல் அதிர்வெண்களில்தான் இருக்கின்றன. "கூப்பிட்டா உங்கப்பன் காதுலயே வாங்கறதில்ல" என்று அம்மா வருடக்கணக்காகப் போடுகிற சண்டை இதுதான். ஆறாவதிலிருந்து லீவு நாட்களில் அதே பட்டறையில் நாடாவுக்குத் தார் மாற்றிக்கொண்டிருந்தவன் நான். என் கை ஏன் அம்மாவுக்கும் பின்னால் போயிற்று என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

திரிபு எங்கே பிறக்கிறதோ அதே இடத்தில்தான் எங்கள் காதுகள் தேய்ந்திருக்கின்றன. பிறகு காதை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

நூறு வருடம் முன்பே அமெரிக்காவில் ஹெரால்டு பிளாக் என்கிற இன்ஜினியருக்கு இதே தலைவலி இருந்திருக்கிறது. தொலைபேசிக் கம்பியில் வரிசையாக ஆம்பிளிஃபயர்கள், ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் திரிபைச் சேர்க்கும். 1923இல் அவர் வெளியே வருவதிலிருந்து உள்ளே போனதைக் கழித்துப் பார்க்க யோசித்தார். மிஞ்சுவது திரிபு மட்டும்தானே! 1927 ஆகஸ்ட் 2ஆம் தேதி வேலைக்குப் போகும் வழியில், ஹட்சன் ஆற்றைக் கடக்கிற படகில், கையிலிருந்த செய்தித்தாளின் மேலேயே நெகட்டிவ் ஃபீட்பேக் சர்க்யூட்டை வரைந்தார். நாம் ஐந்து மார்க்குக்கு எழுதுகிற அதே சர்க்யூட். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிற நாட்களில் எனக்கு அவர் ஞாபகம் வரும். பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை.

இப்போது கடையில் என் வேலை இப்படி: ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாம் பூஜ்யம். பிளேயர் வால்யூம் முக்கால் பங்கு. பெரிய ஸ்பீக்கருக்கு 1 கிலோஹெர்ட்ஸ், சப்-ஊஃபருக்கு 40 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பேட்டரியில் ஓடும் கையடக்க ஸ்கோப்பில் பார்த்து, தலை மழுங்குவதற்கு முன்னால் நிறுத்துகிறேன். மல்டிமீட்டரை வைத்தும் பண்ணலாம், 50 வாட், 4 ஓம் என்றால் 14.1 வோல்ட் என்று கணக்கு. ஆனால் மீட்டருக்கு அலையின் உருவம் தெரியாது. வோல்ட்டைச் சொல்லும், வெட்டைச் சொல்லாது. கடை அண்ணன் முதலில் சிரித்தார். ட்வீட்டர் கேட்டு யாரும் திரும்பி வராததால் இப்போது சிரிப்பதில்லை. "ஸ்கோப்புல பாத்துட்டு ஒரு நூல் குறை" என்கிறார்.

அப்பாவுக்கு மெடிக்கல் ஷாப்பில் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இத வெச்சுக்கிட்டா தறி பேசறது எப்படிச் சாமி கேக்கும்?" என்றார். எனக்குப் புரியவில்லை. பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எட்டுத் தறி ஓடுகிற சத்தத்தில் வாசலில் நின்றபடியே, "நாலாவதுல நாடா சரியா போய்ச் சேரல பாரு" என்று என் காதில் கத்தினார். எனக்கு எட்டும் ஒரே இரைச்சல். அவர் உள்ளே போய் நான்காம் தறியை நிறுத்தி, குனிந்து எதையோ முடுக்கிவிட்டு ஓட்டினார். அவர் கேட்டது அந்த அடிச்சத்தத்தின் தாளத்தை. அது கீழ் அதிர்வெண், அந்த இடத்தில் அவர் காது இன்னும் தேயவில்லை.

காதடைப்பான் வைத்தாலும் எட்டுத் தறியின் சத்தமும் சேர்ந்துதான் குறையும், வித்தியாசம் வித்தியாசமாகவே இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பின மாதிரி தெரியவில்லை. இப்போதைக்கு ஒரு காதுக்கு மட்டும் வைத்துக்கொண்டு போகிறார்.

– மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்புத் துறை