நோக்கும் வாழ்வும்

1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள். சென்னை விக்டோரியா அரங்கில் அறிஞர் பெருமக்கள் முன்னிலையில், நாஞ்சில் நாட்டு இடலாக்குடி தந்த செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். சீறாப்புராணத்திற்கு உரை கண்ட அப்பெருமகனாரைத் தமிழுலகம் இன்றும் 'சதாவதானி' என்றே போற்றுகிறது. முதுகில் விழும் கற்களை எண்ணுதல், மணியோசையைக் கணக்கிடுதல், கொடுத்த ஈற்றடிக்குப் பாடல் முடித்தல் என அவதானக் கலையின் கூறுகள் பலவாகும். அவற்றை ஒரே அமர்வில் நூறாகப் பெருக்கி, எதையும் நழுவவிடாது விடையிறுப்பதே சதாவதானம்.

இதனை நினைவாற்றலின் வெற்றி என்பர் பலர். அதனினும் பெரியதொன்று இதில் உண்டு என்பது நம் கருத்து. அவதானம் என்னும் சொல்லுக்கே கவனம் என்பதுதான் பொருள். தமிழில் கவனகம் என வழங்குவதும் அதனாலேயே. நூறு பேர் நூறு திசையில் இழுத்தபோதும் பாவலரின் உள்ளம் பாவலரிடமே இருந்தது. எதற்கு எப்போது எவ்வளவு கருத்தைக் கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்தார். அதுவன்றோ வியப்பு!

இன்று பயிற்சி ஏதுமின்றியே நாம் அனைவரும் சதாவதானிகள் ஆகிவிட்டோம். சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி நாளொன்றுக்கு எத்தனை முறை நம்மை அழைக்கிறது! வாட்ஸ்அப் செய்தி ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் மற்றொன்று வந்து நிற்கிறது. ஆனால் இங்கே கல்லெறிபவர்களே நம் கருத்தை ஆளுகிறார்கள். செய்தி பெருகப் பெருகக் கவனம் வறுமையுறும் என்னும் கருத்தை ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் 1971ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். கைப்பேசி பிறவாத காலத்தில் கூறப்பட்ட அவ்வுண்மையை நாம் இன்று நாள்தோறும் நுகர்கிறோம்.

நம் முன்னோர் நோக்கின் அருமையை நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் 'நோக்கு' என்பதும் ஒன்று. கேட்டாரை மீண்டும் நின்று நோக்கச் செய்வது நல்ல செய்யுள் என்பது இதன் கருத்து. செய்யுளுக்கே இது வேண்டுமெனின் வாழ்வுக்கு வேண்டாவோ? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். மழை கழுவிய அகன்ற பாறையில் மகளிர் அவற்றைக் குவித்து மகிழ்கின்றனர். 'பூக்கள்' என்ற ஒரு சொல்லால் கபிலர் அதனை முடித்திருக்கலாம். ஒவ்வொன்றையும் நின்று நோக்கிய கண்ணுக்கன்றோ அத்தனை பெயர்கள் வாய்த்தன!

நோக்கு என்பது கண்ணின் தொழில் மட்டுமன்று என்பதை நாம் நம் தாயாரிடம் கற்றோம். எழுபது அகவைக்குப் பின் கண் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை குன்றியது. இழந்த பார்வை மீளாது என்றார் மருத்துவர். எழுத்தைப் பார்த்துத் திருக்குர்ஆன் ஓத இயலவில்லையே என்பதுதான் அவரைப் பெரிதும் வாட்டியது. சில திங்கள் அழுதார். பின்னர் மனப்பாடமாய் இருந்த சூராக்களை ஓதியவாறு காலையில் திண்ணையில் வந்து அமரலானார். பால்காரரின் மிதிவண்டி மணி, அடுத்த வீட்டில் கொதிக்கும் மீன் ஆணத்தின் மணம், வேம்பு பூத்திருப்பதைச் சொல்லும் காற்று ஆகிய ஒவ்வொன்றும் அவருக்கு விருந்தாயிற்று. பேரப்பிள்ளைகளுள் ஓடிவருபவர் யாரெனக் காலடி ஓசையைக் கொண்டே கூறிவிடுவார். "எப்படி உம்மா மனத்தைத் தேற்றிக்கொண்டீர்கள்?" என்று ஒருநாள் கேட்டோம். "போனதையே பார்த்துக்கொண்டிருந்தால் இருப்பதை யார் வாப்பா பார்ப்பது?" என்றார். பார்வையிழந்த ஒருவர் பார்த்தலைப் பற்றிச் சொன்ன அச்சொல், அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆகியும் நம்மை விட்டு அகலவில்லை.

துயரைக் காணாமல் கண்மூடிக்கொள்ளும் வழியோ இது எனச் சிலர் வினவலாம். அன்று. அடுத்த வீட்டு அடுப்பின் மணத்தை அறிந்த தாயார்தாம், அது இரண்டு நாளாக எரியவில்லை என்பதையும் முதலில் அறிந்தார். சோறும் ஆணமும் கொடுத்தனுப்பினார். அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்ணலாகாது என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் அறம். அப்பசியை அறிவதற்கும் நோக்கு வேண்டும். மகிழ்ச்சியைக் காணும் விழிப்பே பிறர் துன்பத்தையும் கண்டுகொள்கிறது.

இவ்விழிப்புக்குப் பயிற்சி உண்டோ எனின், உண்டு. நாளுக்கு ஐந்து முறை தொழுகைக்கு நிற்கையில் நம் கண்கள் நெற்றி படியும் இடத்தில் பதிகின்றன. மனம் கடைத்தெருவுக்கு ஓடும். அதனை அழைத்து வருகிறோம். மீண்டும் ஓடும், மீண்டும் அழைத்து வருகிறோம். அழைத்து வருதலே பயிற்சி. பள்ளிவாசலில் பெறும் இப்பயிற்சி உணவுத் தட்டின் முன்னும், உரையாடலின் நடுவிலும் உடன் வருமாயின் எளிய நாளும் இனிய நாளாகும்.

மாணவக் கண்மணிகளே! நூறு செயல்களில் கருத்தூன்றும் ஆற்றல் பாவலர் போன்ற சிலருக்கே வாய்க்கும். ஒன்றில் கருத்தூன்றும் ஆற்றலோ அனைவர்க்கும் இயலும். இன்று மாலை வீடு திரும்பியதும் கைப்பேசியைச் சற்றே அப்பால் வைத்துவிட்டு, உங்கள் தாயார் கூறும் செய்தி ஒன்றை முழுமையாகக் கேளுங்கள். அது வெங்காய விலையைப் பற்றியதாகவே இருக்கட்டும். இடைமறியாது இறுதிவரை கேளுங்கள்.