கார் இல்லாத வீட்டு டிரைவர்

"முதலில் டிரைவரை மாற்ற வேண்டும், மாமா" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

சமையலறையில் இருந்த என் மனைவி கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு வந்துவிட்டாள். "எந்த டிரைவரை? நம்மிடம் காரே கிடையாதே!" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் குடியேறி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தாம்பரம் - வேளச்சேரி சாலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதிலேயே என் ஆயுளில் ஒரு கணிசமான பகுதி கழிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த டிரைவர்கள் எல்லாரும், நாம் கையைக் காட்டினால் இருபது கஜம் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள். அவர்களை மாற்றும் அதிகாரம் நமக்கு இல்லை.

ஆனால் அந்தப் பெண் சொன்ன டிரைவர் வேறு. என் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்குள்ளே குடியிருக்கும் டிரைவர்.

விஷயம் இதுதான். அதில் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு அளித்துவந்த வழக்கமான பராமரிப்பை மைக்ரோஸாஃப்ட் கம்பெனி நிறுத்திக் கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்லித் திரையில் அடிக்கடி அழைப்பு வரும். கலியாணப் பத்திரிகை மாதிரி மிகவும் மரியாதையான அழைப்பு. ஒரு பொத்தானை அமுக்கினால் போதுமாம். மூன்று வாரம் அந்தப் பொத்தானையே பார்த்துக் கொண்டிருந்தேன். அமுக்கக் கை வரவில்லை.

ஏன் வரவில்லை என்றால், ஏற்கனவே ஒரு தடவை அமுக்கியவன் நான்.

அப்போது என்னிடம் இருந்தது வேறொரு பெட்டி. 2015 டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது, அரிசி மூட்டைக்கு முன்னால் அதைத்தான் பரணில் தூக்கி வைத்தேன். அதற்காக மனைவியிடம் வாங்கிய வசவு தனிக் கதை. அதில் ஓடியது விண்டோஸ் 7. அதன் பராமரிப்பு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. நானும் சமர்த்தாக விண்டோஸ் 10-ஐ ஏற்றினேன். இரவெல்லாம் அது தானாக அணைந்து அணைந்து எரிந்தது. காலையில் காப்பியோடு போய்ப் பார்க்கிறேன்: நீலத்திரை. அதிலே வாயைப் பிதுக்கி அழுகிற ஒரு முகம். கீழே ஏதோ இங்கிலீஷ் வார்த்தைகள். எழுத்தாளன் புத்தி, அதை டைரியில் எழுதி வைத்துக் கொண்டேன்.

(2025-ல் அந்த நீலத்திரையைக் கறுப்பாக்கி, அழுகிற முகத்தையும் எடுத்துவிட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர் பாதியில் எழுந்து போனாற்போல் இருக்கிறது எனக்கு.)

பழுது பார்க்க ஒருவர் வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஃபார்மட் பண்ணிடலாமா சார்?" என்று கேட்டார். அந்த வார்த்தைக்கு அகராதியில் எனக்குத் தெரிந்த பொருள், ஒழுங்கான அமைப்பு என்பது. ஒழுங்கு படுத்துவது நல்ல காரியம்தானே? "செய்யப்பா" என்றேன். அரை மணியில் ஒழுங்கு படுத்திவிட்டார். நான் எழுதி வந்த நாவலில் பதினோரு அத்தியாயங்கள் போயின. வேறு பிரதி கிடையாது. எனக்கு முந்திய தலைமுறைக்காரர்கள் கார்பன் காகிதம் வைத்து எழுதினார்கள். நான் நவீனன் அல்லவா!

பிறகு புதுப் பெட்டி வாங்கினேன். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. வீட்டில் அடைந்து கிடந்தபடியே அந்த நாவலை மறுபடி எழுதினேன். புத்தகமாகவும் வந்தது. படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் ஏழாவது அத்தியாயத்தில் ஒரு பாட்டி வருவாள். வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டே தன் கதையைச் சொல்வாள். இரண்டாம் தடவை எத்தனையோ கூப்பிட்டும் அவள் வரவில்லை. அச்சில் இருப்பது வேறொரு பாட்டி.

இதையெல்லாம் எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறவள். சனிக்கிழமை வீட்டில் இருப்பாள். டைரியை எடுத்துக் காட்டினேன். 'இன்அக்ஸெஸிபிள் பூட் டிவைஸ்' என்று எழுதியிருந்தது. அவள் அதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

"மாமா, இப்படிச் சொல்லியிருந்தால் ஹார்டு டிஸ்க் கெட்டுப் போயிருக்க வேண்டும் என்பதில்லை. அதைத் திறக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"ஃபார்மட் பண்ணின பிறகு அது ஒழுங்காக ஓடியதா?"

"புதுப் பெட்டி வாங்கும் வரை நன்றாகத்தான் ஓடியது."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அன்று காலை நான் காப்பியோடு நின்றபோது பதினோரு அத்தியாயங்களும், வாசற்படிப் பாட்டியும், பாதி ஆய்ந்த அவரைக்காயும் பத்திரமாக உள்ளேதான் இருந்திருக்கின்றன. வெள்ளத்துக்குத் தப்பிய பாட்டியை, "செய்யப்பா" என்ற ஒரே வார்த்தையால் நான்தான் அனுப்பி வைத்திருக்கிறேன்.

அப்படியானால் யார் திறக்கத் தவறியது? டிரைவர்தான். கம்ப்யூட்டரில் மூளை வேறு, பெட்டகம் வேறு. பெட்டகத்தில் இருப்பதை மூளை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. நடுவே அதற்கென்று ஒரு கண்ட்ரோலர் இருக்கிறது. அந்தக் கண்ட்ரோலரோடு பேசத் தெரிந்த சிறு புரோகிராமுக்கு ஸ்டோரேஜ் டிரைவர் என்று பெயர். அச்சு இயந்திரத்தின் டிரைவர் தகராறு செய்தால் அச்சு ஓடாது, அவ்வளவுதான். ஒலிக்கு உள்ள டிரைவர் போனால் பெட்டி ஊமையாகும். ஆனால் இந்த டிரைவர் போனால் கம்ப்யூட்டருக்குத் தன் வீடே தெரியாமல் போய்விடும். வேடிக்கை என்னவென்றால், பெட்டகத்தைத் திறக்கிற இந்த ஆசாமி வசிப்பதும் அதே பெட்டகத்துக்குள்ளேதான்!

"அப்படியானால் தினமும் எப்படித் திறக்கிறது?" என்று கேட்டேன்.

மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்பது விடியற்காலையில் வந்து கதவைக் கொஞ்சம் திறக்குமாம். டிரைவரையும் இன்னும் சில முக்கியஸ்தர்களையும் எழுப்பி வெளியே கொண்டுவந்து விட்டு, "இனி உங்கள் பாடு" என்று போய்விடும். அதன் பிறகு வீடு முழுவதும் டிரைவர் பொறுப்பு. எழுந்து வந்த டிரைவருக்கு அந்தக் கண்ட்ரோலரின் பாஷை தெரியாவிட்டால் நீலத்திரைதான். விண்டோஸைப் புதிதாக மாற்றும்போது இந்த ஆபத்து அதிகம். நடுநடுவே அணைந்து எரிகிறது என்றேனே, அப்போதெல்லாம் எழுந்து வருவது புது எஜமானர். பழைய டிரைவரோடு அவருக்கு ஒத்துப் போகவேண்டும். போகாவிட்டால் பழைய விண்டோஸுக்கே தானாகத் திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. என் விஷயத்தில் அதுவும் நடக்கவில்லை.

இது என் ஒருவனுக்கு வந்த துரதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. 2019 மே மாதம் விண்டோஸ் 10-க்கு 1903 என்ற பதிப்பு வந்தது. இன்டெல் கம்பெனியின் ராபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி என்ற டிரைவரில் சில பழைய பதிப்புகளோடு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. 15.1.0.1002 முதல் 15.5.2.1053 வரை உள்ள டிரைவர் எந்தப் பெட்டியில் இருந்தாலும், புதுப் பதிப்பை ஏற்றாமல் மைக்ரோஸாஃப்டே தடுத்து நிறுத்தியது. அதற்கு அடுத்த எண்ணான 1054 இருந்தால் தடை இல்லை. கடைசி இலக்கத்தில் ஒன்று! ரேஷன் கடையில் கூட இவ்வளவு கண்டிப்பை நான் பார்த்ததில்லை.

என்னுடைய பெட்டியை ஆராய்ந்தோம். டிவைஸ் மானேஜர் என்ற பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஹார்டு டிஸ்க்கின் டிரைவருக்கு எதிரே 2006 ஜூன் 21 என்று தேதி போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "2020-ல் வாங்கின பெட்டியில் 2006-ஆம் வருஷத்துச் சரக்கைத் தள்ளிவிட்டானே!" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். விண்டோஸ் தன்னோடு கொண்டுவரும் பொது டிரைவர்களுக்கெல்லாம் வேண்டுமென்றே அந்தப் பழைய தேதியைப் போடுவார்களாம். சாமானைச் செய்தவன் தரும் டிரைவர் எப்போதும் புதியதாகத் தெரியவேண்டும், அதற்கே முதல் மரியாதை கிடைக்கவேண்டும் என்பது நோக்கமாம். வயதைக் கூட்டிச் சொல்லி ஒதுங்கி உட்காருகிற பண்பை இந்தக் காலத்தில் வேறெங்கும் நான் காணவில்லை.

ஸ்டோரேஜ் கண்ட்ரோலருக்கு எதிரே இருந்தது 2019-ஆம் வருஷத் தேதி. மதர்போர்டு செய்த கம்பெனியின் பக்கத்தில், என் மாடலின் பெயரைப் போட்டுத் தேடி, விண்டோஸ் 11-க்கு உரிய டிரைவரை எடுத்தாள். கண்ட இடத்தில் கிடைக்கும் டிரைவரை ஏற்றவே கூடாது என்று எச்சரித்தாள். ஆனால் அதை ஏற்றுவதற்கு முன்னால் என் எழுத்து முழுவதையும் ஒரு பென் டிரைவிலும், இன்னொரு வெளி டிஸ்க்கிலும் பிரதி எடுக்கச் செய்தாள். "இன்னொரு டிரைவரா?" என்று மனைவி கேட்டது யார் காதிலும் விழவில்லை.

பிறகு புது டிரைவரை ஏற்றி, பழைய விண்டோஸிலேயே ஒரு தடவை அணைத்து எரிய விட்டோம். ஏன் இந்தச் சுற்று வழி என்றேன். "தகராறு வந்தால் இப்போதே வரட்டும், மாமா. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது" என்றாள். ஒரு நாள் சும்மா ஓடவிட்டோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மின்சாரம் போனாலும் தாங்கும்படி யூ.பி.எஸ். பெட்டியைச் சரிபார்த்துவிட்டு, அந்தப் பொத்தானை அமுக்கினேன்.

இரண்டு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் திரை கறுத்தபோது என் வயிறு என்ன பாடுபட்டது என்பதை எழுதப் புகுந்தால் பதினோரு அத்தியாயம் ஆகும். கடைசியில் விண்டோஸ் 11 எழுந்து வந்தது. பிடிக்காவிட்டால் பத்து நாளைக்குள் பழையதற்கே திரும்பலாம் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். கோப்புகளைத் திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தன. இரண்டாவது பாட்டியும் இருந்தாள்.

பென் டிரைவை என்னிடம் கொடுக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. அது இப்போது சமையலறையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அதை எடுத்து வந்து, அந்த வாரம் எழுதியதைப் பிரதி எடுக்கும் வரை பக்கத்திலேயே நிற்கிறாள். லேசாகப் பெருங்காய வாசனை அடிக்கிறது.