நவம்பர்ல வந்து பாருங்க

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மனை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு, சித்திரை பிறந்துவிட்டது, நல்ல நாள் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். அந்த வெயிலில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். "இந்த ஊர்ல வாங்கணும்னா நவம்பர்ல வந்து பாருங்கன்னு சொல்லுவேன். பாதிப் பேரு அத்தோட என்னை விட்டுட்டு வேற ஆளைத் தேடிப் போயிடுவாங்க" என்றார் நான் கூடச் சுற்றிய தரகர்.

அவருக்கு ஆபீஸ் கிடையாது. பெருங்களத்தூரில் ஒரு டீக்கடை பெஞ்சு, ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல், சட்டைப் பையில் ரப்பர் பேண்டு போட்ட டைரி. செல்போனில் ஆட்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பச்சை கேட்டு டீச்சர்', 'துபாய் மாடி', 'மூணாவது தெரு மாமரம்' என்று வீட்டு அடையாளங்கள். தரகுக்கு வருமுன் இந்தப் பகுதியிலேயே கொத்தனாராக இருந்தவர். எந்தத் தெருவில் கடக்கால் தோண்டும்போது எத்தனை அடியில் களிமண் வந்தது, எங்கே நாலடியில் தண்ணீர் ஊறியது என்பதெல்லாம் அவருக்கு உடம்பு ஞாபகம். வீட்டுத் தரகுக்கு இதைவிட நல்ல படிப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

காலையில் அவர் முதலில் பார்ப்பது வீட்டுக்காரர்களை இல்லை. இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுகிறவர், தண்ணீர் லாரி டிரைவர், செப்டிக் டேங்க் லாரிக்காரர் என்று ஒரு சுற்று. எந்தக் குடும்பம் காலி செய்யப்போகிறது என்பது இஸ்திரிக்காரருக்கு முதலில் தெரிந்துவிடும். பாக்கித் துணியை மொத்தமாகக் கேட்பார்கள். மே மாதம் எந்தத் தெருவில் போர் வற்றுகிறது என்பது தண்ணீர் லாரிக்குத் தெரியும். செப்டிக் டேங்க் லாரிக்காரரின் விஷயம் இன்னும் நுட்பமானது. மழை பெய்த ஒரே வாரத்தில் ஒரு தெருவிலிருந்து நாலு வீட்டுக்காரர்கள் கூப்பிட்டால், அந்தத் தெருவில் நிலத்தடி நீர் தொட்டிக்குள் ஏறுகிறது என்று அர்த்தம். வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே குடியிருப்பது கஷ்டம். "இதை எந்த ஆப்புல போட்டிருக்கான், சொல்லுங்க தம்பி?" என்று கேட்டார். நோபுரோக்கரும் மேஜிக்பிரிக்ஸும் வந்தபிறகு பிழைப்பு பாதியாகிவிட்டது என்ற வருத்தம் அந்தக் கேள்வியில் இருந்தது. ஆனாலும் கேள்வி நியாயமானது.

ஒரு பார்ட்டிக்கு அவர் வீடு காட்டும்போது நானும் போனேன். மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கும் தம்பதி, இரண்டு பேரும் ஐ.டி. வேலை. அவர்கள் மாடுலர் கிச்சனைத் திறந்து மூடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் வெளியே நின்று இ.பி. மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி தலைக்கு மேல் உயரத்தில் இருந்தது. பழைய ஆணி ஓட்டைகள் இடுப்பு உயரத்தில். "2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஏத்தியிருக்காங்க" என்றார் என்னிடம் மட்டும். காம்பவுண்டு சுவரின் உட்புறம் புது பெயிண்ட். வெளிப்புறம், பக்கத்து மனையைப் பார்த்த பகுதியில், மூன்றடிக்குக் கீழே சிமெண்டுப் பூச்சு உப்பிக்கிடந்தது. அடுத்த தெருவில் ஒரு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு, வாசற்படி ஏறிப் போன வீடுகளுக்குள் இப்போது படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. சென்னைப் புறநகரில் வீடு தூக்குவது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

அந்த ஊரைத் தெரிந்தவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிறைந்து வழிந்தால் உபரிநீர் அடையாற்றைத் தேடி இந்த வழியாகத்தான் வரவேண்டும். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது அந்த உபரிநீர் வந்த வழியில் லேஅவுட்டுகள் இருந்தன. பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், தூர் வாரினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் தண்ணீர் உள்ளே வந்தது. ஆனால் எல்லாத் தெருவுக்கும் வரவில்லை. முக்கியமான விஷயம் இதுதான். 'முடிச்சூரா, வெள்ளம் வருமே' என்று ஒதுக்குகிறவரும் தப்புச் செய்கிறார். 'கால்வாய் வெட்டிட்டாங்க சார், இனிமே வராது' என்று விற்கிறவரும் பொய் சொல்கிறார். ஒரே நகரில் முதல் தெருவுக்கும் ஐந்தாம் தெருவுக்கும் தரைமட்டம் ஒன்றில்லை. மனிதன் நடந்து பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

விலையும் அப்படித்தான். அரசின் வழிகாட்டி மதிப்பு தெருவாரியாக, சர்வே எண்வாரியாக இணையத்தில் கிடைக்கிறது. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்குப் போட அது போதும். என்ன விலைக்கு முடிந்தது என்பது அதில் இருக்காது. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற பழக்கம் ஊரறிந்தது. இணையத்தில் போட்டிருப்பது விற்கிறவர் ஆசைப்படும் விலை. உண்மையில் கை மாறிய தொகை, பேசி முடித்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் தரகர் டைரியைப் பிரித்துக் காட்டினார். மனை எண், வடக்கு பார்த்ததா தெற்கு பார்த்ததா, தெருக்குத்து உண்டா, எத்தனை கிரவுண்டு, கேட்ட விலை, முடிந்த விலை, விற்ற காரணம். இந்தக் கடைசிக் கட்டம்தான் தங்கம். பெண் கல்யாணத்துக்கு அவசரமாக விற்றவரின் விலையை அந்தத் தெருவின் விலை என்று நம்பிவிடக் கூடாது. அமெரிக்காவிலிருந்து பேரம் பேசாமல் வாங்கியவர் கொடுத்த விலையையும் நம்பக் கூடாது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 கடைசியில் திறந்தபோது ஊரப்பாக்கம், வண்டலூரில் ஆளாளுக்கு விலையைத் தூக்கினார்களாம். "பஸ் ஸ்டாண்டு வந்ததும் வாடகைதான் மொதல்ல ஏறும். மனை விலை உண்மையா ஏறுனுச்சா இல்ல வாயாலயே ஏறுனுச்சான்னு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்" என்பது அவர் கணக்கு.

பத்திர விஷயத்தில் நான் எதிர்பார்த்ததைவிட அவர் ஜாக்கிரதையானவர். "நான் வக்கீல் இல்ல" என்பதை ஒவ்வொரு பார்ட்டியிடமும் சொல்கிறார். ஆனால் வக்கீலுக்குப் போகுமுன் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். உதாரணத்துக்கு 2016 செப்டம்பர். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது இந்தப் புறநகரே ஸ்தம்பித்தது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று நம்பி வாங்கியவர்கள் கையில் பத்திரத்தோடு நின்றார்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த அரசு அடுத்த வருடம் விதிகள் கொண்டுவந்தது. எந்த லேஅவுட் அப்படி முறையாக்கப்பட்டது, எதில் பாதி மனைக்காரர்கள் பணம் கட்டி மீதிப் பேர் கட்டவில்லை, எங்கே பூங்காவுக்கு விட்ட இடத்தை மனையாக்கி விற்றார்கள் என்பதை அவர் தெருப் பெயரோடு சொல்கிறார்.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். வாய்ப்பேச்சாக நடந்த பாகப்பிரிவினையோ கையெழுத்துப் போடாமல் இருக்கும் அக்காவோ அதில் வரமாட்டார்கள். தமிழ்நாட்டில் 1989லேயே இந்துக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்துச் சட்டம் திருத்தப்பட்டது, 2005இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. ஆனால் 'பொண்ணுங்களுக்குத்தான் சீர் செஞ்சாச்சே' என்று அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது இன்னும் நடக்கிறது. ஒரு பெரிய காலிமனையைக் காட்டி, "பத்திரம் பளிச்சுனு இருக்கும். மூணாவது பொண்ணு மதுராந்தகத்துல இருக்கு. அதுகிட்ட யாரும் பேசல. நான் இதைத் தொடமாட்டேன்" என்றார். பதிவுத்துறை இணையதளத்தில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் மதுராந்தகத்துப் பெண் தெரியமாட்டாள்.

இங்கே வாடகைத் தரகு பார்க்கும் அக்கா ஒருவரையும் சந்தித்தேன். அவர் பேச்சில் இந்தத் தொழிலின் இன்னொரு பக்கம் இருந்தது. ஒரு மாத வாடகை தரகாக வரும்; அதற்கு ஐந்து வீடு ஏறி இறங்க வேண்டும். "போன் எடுத்ததும் என்ன ஆளுங்கன்னுதான் தம்பி ஓனருங்க கேக்குறாங்க. சைவமா, கல்யாணம் ஆயிடுச்சா, வடநாட்டுப் பசங்களான்னு வரிசையா வரும். எந்த வீட்டுல யாருக்குத் தரமாட்டாங்கன்னு எனக்கு மனப்பாடம். வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயி அசிங்கப்படுத்த வேணாமேன்னு நானே காட்டமாட்டேன்." அவர் இதை இரக்கத்தோடுதான் செய்கிறார். ஆனால் அந்த இரக்கத்தாலேயே வீட்டுக்காரரின் சாதி பார்க்கும் புத்தி வெளியே தெரியாமல் காப்பாற்றப்படுகிறது. தண்ணீர் எங்கே நிற்கும் என்று தெரிந்திருப்பதும், யாருக்கு எங்கே இடமில்லை என்று தெரிந்திருப்பதும் ஒரே உள்ளூர் அறிவுதான். இரண்டாவதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

எல்லை தெரிந்த தரகரே நல்ல தரகர் என்று எனக்குப் பட்டது. அந்த ஐ.டி. தம்பதி, பள்ளிக்கரணைப் பக்கமும் ஒன்று பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். "அது என் ஊரு இல்லீங்க மேடம்" என்று அந்தப் பகுதி ஆள் ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கரணையில் சதுப்புநிலத்தின் எல்லை எது என்பதே தனிப் படிப்பு. 2022இல் அது ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகு அந்த எல்லைக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. அங்கே பழகாதவர் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது. இதற்கு நேர்மாறாக, நகரத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு 'சென்னை முழுக்கப் பண்றோம்' என்கிறவர்களும் உண்டு. அவர்கள் ஒரு தரகரைக் கூப்பிடுவார்கள், அவர் இன்னொருவரை, அவர் வீட்டுக்காரருக்குத் தெரிந்த மூன்றாமவரை. வீட்டு வாசலில் நாலு பேர் நிற்பார்கள். நாலு பேருக்கும் பங்கு. அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதா என்று கேட்டால் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தெரிந்தவர் எல்லாவற்றையும் சொல்வார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தண்ணீர் நின்ற வீட்டை அவர் விற்றதே இல்லையா என்று கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கேட்டா மறைக்கமாட்டேன் தம்பி. கேக்காதவங்ககிட்ட நானா போயி வியாபாரத்தைக் கெடுத்துக்கறதில்ல. எனக்கும் மாசம் ஓடணுமில்ல." அந்த நேர்மை எனக்குப் பிடித்தது, பதில் பிடிக்கவில்லை. விற்றால்தான் ஒன்றோ இரண்டோ சதவீதம் வரும், விற்க வேண்டாம் என்று சொன்னால் பெட்ரோல் செலவுகூட வராது என்கிற ஏற்பாட்டில் அவர் வேறு எப்படிப் பேசுவார்?

சட்டம் இங்கே அதிகம் உதவாது. 2016ஆம் வருடத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, கட்டுமான நிறுவனங்களும் மனைப்பிரிவு போடுகிறவர்களும் விற்கும் பதிவுக்குரிய திட்டங்களில் தரகு பார்க்கும் முகவர் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். புது ஃப்ளாட், புது லேஅவுட் என்றால் அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் ஒருவர் குடியிருந்த பழைய வீடோ தனி ஆளின் காலிமனையோ வாடகை வீடோ கை மாறும்போது அந்தக் கட்டாயம் இல்லை. டீக்கடை பெஞ்சு உலகம் முழுக்க இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ஆகவே தரகரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில்தான். அந்த வட்டாரத்திலேயே குடியிருப்பவராகப் பாருங்கள். 2015இலும் 2023இலும் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை நாள் நின்றது, கடைசியாக இங்கே முடிந்த விலை என்ன, இவர் ஏன் விற்கிறார், வாரிசுகள் எத்தனை பேர் என்று நேராகக் கேளுங்கள். நீங்கள் கேட்காததை அவர் சொல்லமாட்டார். எதற்குமே தயங்காமல் பதில் சொல்கிறவரானால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பிறகு அவர் இல்லாமல் தனியாகப் போய் இஸ்திரி வண்டிக்காரரிடமும் எதிர்வீட்டுப் பாட்டியிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். மூலப்பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் உங்கள் வக்கீலிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். அந்த வக்கீல் தரகர் கூட்டி வந்தவராக இருக்க வேண்டாம். முடிந்தால் அட்வான்ஸை மழை முடியும் வரை தள்ளிப்போடுங்கள்.

வீடு முடியாவிட்டாலும், உங்களை ஒரு கெட்ட வீட்டிலிருந்து தடுத்தவருக்கு அன்றைய கூலியையும் பெட்ரோல் காசையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.