நடுவில் ஒரு வெற்றாசனம்

ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரிலிருந்து நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவுக்கு ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர். பறப்பதற்கு இரண்டு மணி நேரம் போதும். யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் புறப்படுபவர் வவுனியாவை எட்டுமுன்னரே முடிந்துவிடக்கூடிய பிரயாணம். இதைப்பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறதென்று வாசகர் வினவலாம். ஏறுமட்டும் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

நோர்வே என்றதும் எமது ஊர்ப் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 'சீநோர்' தான். 1956ஆம் ஆண்டிலே நோர்வேக்குச் சென்ற அன்ரனி இராஜேந்திரம் என்பவர், அந்நாட்டு நண்பர்களின் துணையுடன் எங்கள் கரையோர மக்களுக்காகத் தொடக்கிய முயற்சி அது. அவருக்குப் பின் எத்தனையோ பேர் அந்த வழியே போனார்கள். எம் தமையனார் 1987இல் போனார். வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்தில், மீன் பதனிடும் தொழிற்சாலையொன்றில் சில ஆண்டுகள் கத்தியும் கையுமாக நின்றார். பின்னர் ஒஸ்லோவுக்கு வந்து பஸ் சாரதியானார். இறுதியாக அவர் ஊருக்கு வந்தது 2012இல். அம்மாவுக்கு இப்பொழுது எழுபத்தொன்பது வயது கடந்துவிட்டது. "இனி நான் வாறதெண்டில்லை, அம்மாவை இஞ்சை கூட்டிக்கொண்டு வா" என்று 2024ஆம் ஆண்டு ஆனி மாதத்துக்கு இரண்டு ரிக்கற்றுகளை எடுத்து அனுப்பிவிட்டார். அவை இரண்டும் பிஸ்னஸ் கிளாஸ்.

கல்லூரி ஆசிரியரின் வேதனத்தில் காலந்தள்ளும் எமக்கு அந்தத் தொகையைக் கேட்டதும் தலை சுற்றியது. தொலைபேசியில் கடிந்துகொண்டோம். "அம்மா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரட்டும்" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் பேச இயலவில்லை.

பிரயாணத்துக்கு முந்திய அலுவல்களை விரித்துரைத்தல் வீண். கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகம் 2023இல் மூடப்பட்டுவிட்டதென்பதையும், ஆயினும் விரலடையாளம் கொடுக்கக் கொழும்புக்குப் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது என்பதையும் மட்டும் சொல்லி அமைவோம். ஆனால் இரண்டு விஷயங்கள் பிறருக்குப் பயன்படும். முதலாவது நெய். வீட்டில் உருக்கிய பசுநெய்யைப் போத்தலில் அடைத்து, மகனுக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்தார். ஐரோப்பாவுக்குப் புறம்பான நாடுகளிலிருந்து பாற்பொருளும் இறைச்சியும் பிரயாணிகள் கொண்டு செல்லலாகாது. நோர்வேயிலும் அதே விதிதான். நெய் வீட்டிலேயே நின்றுவிட்டது. ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் பெட்டி நிறையப் போயின.

மற்றையது உணவு. மரக்கறி உண்போர் 'இந்து உணவு' என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. எச்.என்.எம்.எல். என்று விமானக் கம்பனிகள் குறிக்கும் அந்த உணவில் கோழியும் மீனும் ஆட்டிறைச்சியும் வரலாம். மாட்டிறைச்சி விலக்கு. சைவ உணவினர் கேட்கவேண்டியது ஏ.வி.எம்.எல். படமாளிகையின் பெயர்போலத் தொனிக்கும் இந்த நான்கு எழுத்துக்களையும் ஒருநாள் முன்னதாகவே பதிவு செய்துவிடுதல் வேண்டும்.

வளைகுடா நாட்டு நகரமொன்றில் மாறி ஏறிய பெரிய விமானத்திலே ஆசனம் கட்டிலாக விரிந்தது. மெத்தையும் போர்வையும் தந்தார்கள். அம்மாவோ கால்மணி நேரம் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நேராக அமர்ந்துகொண்டார். "ஆகாயத்திலை படுத்துக்கொண்டு போறதோ" என்றார். தமையனாரின் பணத்தில் பெரும்பகுதி அந்தக் கட்டிலுக்கே போயிற்று என்பதை நாம் சொல்லவில்லை.

அந்த விமானம் இரண்டு மணி நேரம் பிந்திப் பிராங்க்பேர்ட்டில் இறங்கியது. பிற்பகல் ஒன்றரை மணிக்கு ஒஸ்லோ விமானம். கையில் மீதியிருந்தது நாற்பது நிமிடம்.

இவ்விடத்தில் ஐரோப்பாவின் எல்லை முறையைச் சிறிது விளக்குதல் தகும். 1985ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் திகதி, லக்சம்பேர்க் நாட்டிலே மொசெல் ஆற்றங்கரையிலுள்ள ஷெங்கன் என்னுஞ் சிற்றூரில், ஆற்றில் நின்ற கப்பலொன்றில் வைத்து ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தமக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிவிடுவதென்பதே அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதா என்று 1972இலும் 1994இலும் மக்களைக் கேட்டு, இரு முறையும் வேண்டாமென்று விடைபெற்ற நோர்வே, இந்த ஏற்பாட்டில் மட்டும் 2001 முதல் இணைந்துகொண்டது. ஆகவே ஒஸ்லோவுக்குப் போகின்றவருக்கும் கடவுச்சீட்டு பார்க்கப்படுவது முதலில் இறங்கும் பிராங்க்பேர்ட்டில்தான். அங்கே அது முடிந்துவிட்டால் ஒஸ்லோவில் யாரும் அதைக் கேட்பதில்லை. இன்னுமொன்று: விமானம் மாறுவதற்காக மாத்திரம் ஐரோப்பிய விமான நிலையமொன்றில் இறங்கி, வாயிலுக்கு வெளியே காலெடுத்து வைக்காவிட்டாலும், அதற்கென்று தனி விசா பெறவேண்டிய நாடுகளின் பட்டியல் ஒன்றுண்டு. பன்னிரண்டு நாடுகளைக் கொண்ட அந்தப் பொதுப் பட்டியலில் இலங்கையும் அடங்கும். எம் கையில் நோர்வே விசா இருந்தபடியால் அந்தத் தொல்லை எமக்கில்லை. வரிசையில் எமக்கு முன்னே நின்ற நம்மவர் இருவர் ஒரு புறமாக அழைத்துச் செல்லப்பட்டதைக் கண்டோம். என்ன காரணமென்று அறியோம்.

அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வந்தது. இது உயர்ந்த வகுப்பினருக்கான சலுகையன்று. நடக்க இயலாதோருக்கு விமான நிலையங்கள் கட்டணமின்றி உதவவேண்டுமென்பது 2008 முதல் ஐரோப்பாவில் முழுமையாக நடைமுறையிலுள்ள சட்டம். 48 மணி நேரத்துக்கு முன் அறிவித்தால் போதும். நாற்காலியைத் தள்ளிய இளைஞர் ஓட்டமும் நடையுமாகப் போனார். பின்னால் நாம் இரு கைப்பைகளுடன் ஓடினோம். கடவுச்சீட்டு, மறுபடியும் ஒரு பாதுகாப்புச் சோதனை, பின் முடிவில்லாத நடைபாதை. வாயிலை அடைந்தபோது கதவு மூடியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் விமானம் மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

மாற்று ஏற்பாடு செய்யும் மேசையில் இருந்த பெண் இன்முகத்தோடுதான் பேசினார். மாலை ஏழு மணிக்கு ஒரு விமானம் உண்டு. ஆனால் பிஸ்னஸ் கிளாஸில் ஒரேயொரு இடந்தான் எஞ்சியிருக்கிறது. மற்றவர் எக்கொனமியில் வரவேண்டும் என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, காதும் சற்று மந்தம், அருகிலே இருத்துங்கள் என்று கேட்டோம். கணனியைத் தட்டிவிட்டு, அம்மா நான்காவது வரிசை, நாம் ஐந்தாவது வரிசை, மிகவும் கிட்டத்தான் என்று சமாதானம் கூறினார். கிட்டத்தான்; இடையில் ஒரு திரை.

பிஸ்னஸ் கிளாஸ் பிரயாணிகளுக்குரிய ஓய்வு மண்டபத்தில் நான்கு மணி நேரம் கழிந்தது. மெத்தென்ற நாற்காலி, பாண், பழம், உப்பில்லாத ஒரு சூப். பெண்கள் பகுதியில் அம்மா முகங்கால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். நெடும் பிரயாணத்தின் நடுவிலே வயோதிபர் ஒருவருக்கு இந்த மண்டபம் பேருதவி. ஐரோப்பாவுக்குள் பறக்கும் பிஸ்னஸ் கிளாஸில் பெறுமதியுள்ள பகுதி எதுவென்று எம்மைக் கேட்டால், விமானத்துக்கு வெளியேயுள்ள இதனையே சொல்வோம்.

விமானத்துக்குள் ஏறியதும் எமது அபிப்பிராயம் உறுதிப்பட்டது. வரிசைக்கு ஆறு ஆசனம், நடுவில் ஒரு நடைபாதை. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரே ஆசனந்தான். அதே அகலம், அதே நீளம், முழங்கால் முன்னாசனத்தில் முட்டும் அதே முட்டல். நான்காம் வரிசைக்குப் பின்னால் ஒரு சீலைத் திரை. முன்னாலுள்ள நான்கு வரிசைகளிலும் மூன்று ஆசனத்தில் நடுவிலுள்ளதை எவருக்கும் கொடாமல் வெறுமையாக விட்டிருந்தார்கள். அவ்வளவுதான் பிஸ்னஸ் கிளாஸ். திரை ஓரிடத்தில் நிலையாக நிற்பதுமில்லை. உயர்ந்த ரிக்கற் வாங்கினோர் மிகுந்தால் பின்னுக்கு நகரும். குறைந்தால் முன்னுக்கு வரும். ஆசனங்களைப் பெயர்த்து மாற்றும் செலவு கம்பனிக்கு இல்லை.

இந்த வகை ஏற்பாடு நேற்று முளைத்ததன்று. ஸ்கந்திநேவிய நாடுகளின் எஸ்.ஏ.எஸ். கம்பனி, யான் கார்ல்சொன் என்பவரின் தலைமையில், 1981இல் வியாபாரிகளைக் கவர்வதற்கென்று 'யூரோகிளாஸ்' என்ற பெயரில் ஒரு தனி வகுப்பைத் தொடக்கியது பிரசித்தமான செய்தி. பிற்காலத்தில் ஐரோப்பியப் பறப்புக்களில் பிஸ்னஸ் கிளாஸைக் கைவிட்ட அதே கம்பனி, 2025 ஒக்டோபரில் அதை மீண்டும் கொண்டுவந்தது. காரணம் ஊகிக்கத்தக்கதே. கண்டம் விட்டுக் கண்டம் வரும் செல்வர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வகுப்பைக் கேட்பர். கடைசித் துண்டில் அவர்களுக்குப் பெயரளவிலாவது ஒரு வகுப்பு வேண்டும். நீண்ட ரிக்கற்றோடு சேர்ந்து கிடைத்தால் வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை. இரண்டு மணி நேரத்துக்காகத் தனியே பணங்கட்டி வாங்குவதை, முதியவரோ பாரச்சுமையோ உடன் இல்லாதவிடத்து, நாம் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டோம்.

அம்மாவை யன்னலோரம் இருத்திப் பட்டியை மாட்டிவிட்டு, திரைக்குப் பின்னால் எமது இடத்துக்கு வந்தோம். சிறிது நேரத்தில் ஆசன இடுக்கினூடாக அம்மாவின் விரல்கள் தெரிந்தன.

"தம்பி, நடுவிலை ஆரும் வரேல்லை. நீ வந்திரன்."

அது யாரும் இருக்கக்கூடாத இடமென்று எட்டிப் பார்த்து விளக்கினோம். வெறுமையாக விடுவதற்கே காசு வாங்குகிறார்கள் என்றோம்.

"வெறுங் கதிரைக்கும் கொண்ணன்தானே காசு கட்டினவன்? பிறகேன் நீ இருக்கக்கூடாது?"

இந்த வினாவுக்கு இற்றைவரை எம்மிடம் தக்க விடையில்லை. விமானப் பணிப்பெண்ணிடம் கேட்டோம். அனுமதியில்லையென்று வருத்தத்துடன் கூறினார். அவ்வேளையில், அதே வரிசையில் நடைபாதை ஓரமாக இருந்த நோர்வேக்காரர் ஒருவர், எம்மினும் பத்து வயது மூத்தவராயிருப்பார், பத்திரிகையை மடித்துக்கொண்டு எழுந்தார். என்ன பேசினோம் என்பது அவருக்கு விளங்கியிராது. ஆயினும் எல்லாம் விளங்கியவர்போல, "நீங்கள் இங்கே இருங்கள், நான் அங்கே போகிறேன், இரண்டும் ஒரே ஆசனந்தானே" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரையை விலக்கி எமது இடத்தில் போய் அமர்ந்துவிட்டார். பணிப்பெண் ஒரு கணம் தயங்கினார். பின்னர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். உணவு வந்தபோது அவருடைய தட்டு திரையைக் கடந்து ஐந்தாம் வரிசைக்குச் சென்றது, நியாயந்தானே.

அம்மாவுக்கு வந்த தட்டில் மீன் இருந்தது. தவறவிட்ட விமானத்துக்குப் பதிவு செய்த ஏ.வி.எம்.எல். புதிய விமானத்துக்கு எம்மோடு வந்து சேரவில்லை. மீனைத் தொடாமல், பாணையும் திராட்சையையும் உண்டார். சொக்கலேற்றைப் பேரப்பிள்ளைக்கென்று சேலைத் தலைப்பில் முடிந்தார். பிறகு காலடியிலிருந்த பனங்கட்டிப் பொட்டலத்தை எடுத்து நடு ஆசனத்தில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார். யன்னலுக்குக் கீழே ஜேர்மனியின் வயல்களும், பின் டென்மார்க்கின் தாழ்ந்த நிலமும், அதன்பின் கடலும் கழிந்தன. மேற்குப் புறத்து யன்னலாதலால் வெயில் அம்மாவின் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. மணி எட்டைக் கடந்தும் சூரியன் இறங்குவதாயில்லை. நாம் 50ஆம் அகலாங்கிலிருந்து 60ஆம் அகலாங்கு நோக்கிப் போகிறோம், ஆனி மாதத்தில் வடக்கே செல்லச் செல்லப் பகல் நீளும் என்று வகுப்பறையில் சொல்வதுபோல விளக்கத் தொடங்கினோம். அம்மா நித்திரையாகியிருந்தார். பெரிய விமானத்தின் கட்டிலில் வராத நித்திரை அது.

வகுப்புக் குறைத்ததற்கான கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 2004ஆம் ஆண்டின் 261ஆம் இலக்க ஐரோப்பிய ஒழுங்குவிதியின்படி, உயர்ந்த வகுப்பு ரிக்கற் வாங்கியவரைத் தாழ்ந்த வகுப்பில் ஏற்றினால், 1,500 கிலோமீற்றருக்கு உட்பட்ட பறப்பாயின் அந்தப் பறப்பின் விலையில் 30 சதவீதத்தைக் கம்பனி திருப்பிக் கொடுத்தல் வேண்டும். முதல் விமானம் பிந்தியதற்கு நஷ்டஈடு கிட்டவில்லை. அது ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து புறப்பட்ட வெளிநாட்டுக் கம்பனியின் விமானம், இவ்விதி அதைக் கட்டுப்படுத்தாது. முப்பது சதவீதத்துக்குத் தமையனார் மூன்று கடிதம் எழுதினார். ஏழு நாளில் தரவேண்டிய பணம் இரண்டரை மாதத்தில் வந்தது. நாம் குறைந்த வகுப்பில் உண்மையில் இருந்தது கால்மணி நேரந்தான் என்பதை அவர் கடிதத்தில் எழுதவில்லை.

ஒஸ்லோவின் விமான நிலையம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில், கார்டர்மோன் என்னுமிடத்தில் இருக்கிறது. சொன்னபடியே கடவுச்சீட்டை யாரும் கேட்கவில்லை. சுங்கப் பகுதியின் பச்சை வழியால் வெளியே வந்தபோது, தமையனார் பஸ் சாரதியின் சீருடையோடேயே நின்றுகொண்டிருந்தார். பிற்பகல் வந்து காத்திருந்துவிட்டு, வேலைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. அம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவரை மேலும் கீழும் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஏனடா மோனை இவ்வளவு காசைக் கொட்டினனீ?" என்பதுதான்.

குரோருட் பள்ளத்தாக்கிலே, மாடிக் கட்டடமொன்றின் ஆறாவது தளத்தில் வீடு. போய்ச் சேரும்போது இரவு பத்தரை மணி. மேற்கு யன்னலால் வெயில் வந்து சுவாமிப் படங்களில் விழுந்திருந்தது. அம்மா கைகால் கழுவிக்கொண்டு வந்து, ஏற்றாத விளக்கின் முன் திகைத்து நின்றார்.

"இன்னும் பொழுது படேல்லையே. இஞ்சை எப்ப விளக்கேத்துறது?"

"நான் மணிக்கூட்டைப் பாத்துத்தான் ஏத்துறனான், அம்மா" என்றார் தமையனார்.

அம்மா யன்னற் சீலையை இழுத்து மூடிவிட்டு, தீப்பெட்டியைக் கேட்டு வாங்கினார்.