அம்மாவின் கணக்கு நோட்டு

அம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. முதல் பாதியில் என் நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்குகள். அதற்குப் பிறகு அவளுடைய கையெழுத்து. '12.8.81 - பஸ் 3.60, முட்டை ரெண்டு 90 காசு, பால் 70 காசு.' கீழே பென்சிலால் குறுக்கே இரண்டு கோடு. மறுநாளும் அப்படியே. பக்கம் பக்கமாக அந்தக் கோடுகள் போகின்றன.

அப்பா நெசவாளர். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டோடு சேர்ந்த குழித்தறி. அந்த வருஷம் அவருக்குக் காசநோய் வந்தது. அன்றைய வைத்தியத்தில் முதல் இரண்டு மாதம் தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை. எல்லாம் அரசாங்கம் இலவசமாகத் தந்தது. ஊசி போட்டுக்கொள்ளப் பத்து மைல் பஸ்ஸில் போகவேண்டும். அப்பாவால் தனியாக நடக்க முடியாது. அம்மா கூடப் போவாள்.

ஒருநாள் மாமா வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "சர்க்கார் மருந்துதானம்மா, அப்புறம் எதுக்குக் கம்மலை அடகு வச்சே?" என்று கேட்டார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "மருந்துக்குக் காசில்லண்ணே. மருந்து வாங்கப் போறதுக்குத்தான் காசு" என்றாள்.

அந்த வாக்கியத்தின் நீள அகலம் எனக்குப் பிடிபட முப்பது வருஷம் ஆயிற்று.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகள் அச்சுக்குப் போகுமுன் சரிபார்ப்பது என் பிழைப்பு. ஒரு சிகிச்சை இன்னொன்றைவிடச் செலவுக்கேற்ற பலன் தருகிறதா என்று கணக்குப் போடும் கட்டுரைகள் அடிக்கடி வரும். அவற்றைப் படிக்கும்போது மேஜையில் ஒரு பட்டியலை வைத்துக்கொள்வேன். சுகாதாரப் பொருளாதார மதிப்பீடுகளை எப்படி எழுதி வெளியிட வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அது. அதைச் சுருக்கமாக 'சியர்ஸ்' என்பார்கள். 2013-ல் வந்தபோது அதில் 24 அம்சங்கள். 2022-ல் திருத்தி 28 ஆக்கினார்கள். அதற்கும் முன்னால், 1996-ல், மைக்கேல் டிரம்மண்டும் டாம் ஜெஃபர்சனும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்காக 35 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். சியர்ஸில் இருப்பவை, யாருக்குச் சிகிச்சை, எங்கே, எதோடு ஒப்பிட்டீர்கள், எத்தனை வருஷத்துக் கணக்கு, விலை எந்த ஆண்டினுடையது, ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார் என்று வரிசையாகக் கேட்கும் கேள்விகள்.

சியர்ஸ் பட்டியலை மதிப்பெண் போடப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அது தவறு. 28-ல் 25 வாங்கிய ஆய்வு நல்ல ஆய்வு என்று பொருள் இல்லை. ஆய்வை இப்படித்தான் செய்யவேண்டும் என்று அது சொல்வதில்லை. செய்ததை மறைக்காமல் சொல் என்றுதான் கேட்கிறது.

பட்டியலில் எட்டாவது இடத்தில் இருப்பது 'நோக்குநிலை'. யார் பக்கம் நின்று செலவைப் பார்த்தீர்கள் என்ற கேள்வி. ஆஸ்பத்திரியின் செலவா, அரசாங்கத்தினுடையதா, நோயாளி வீட்டினுடையதா, எல்லாம் சேர்த்தா? முதன்முதலாக அதைப் படித்த சாயங்காலம் எனக்குத் திண்ணையும் முறமும் ஞாபகம் வந்தன. மாமா அரசாங்கத்தின் பக்கம் நின்று கேட்டிருக்கிறார். அம்மா வீட்டின் பக்கம் நின்று பதில் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் கணக்கும் சரிதான்.

அப்பாவை வீட்டில் வைத்தே வைத்தியம் பார்க்க முடிந்ததற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. அது நம் சென்னையில் நடந்தது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதை வழிநடத்தினார். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதிக்கு நெரிசலான அவரவர் வீட்டிலேயே ஓராண்டு மாத்திரை. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் இருந்தன. வீட்டில் அவை இல்லை. ஆனாலும் ஓராண்டு முடிவில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமாகியிருந்தது. வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றும் அதனால் கூடிவிடவில்லை. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அந்த அறிக்கை தொண்ணூறு பக்கத்துக்கு மேல் வந்தது. அது பொருளாதார ஆய்வு இல்லை. ஆனால் செய்ததை ஒளிக்காமல் சொல்வது எப்படி என்பதற்கு அதைத்தான் நான் உதாரணம் காட்டுவேன். உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியம் வீட்டை நோக்கித் திரும்ப அது ஒரு பெரிய காரணம்.

படுக்கை மிச்சமானால் அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம். அந்தச் செலவில் ஒரு பகுதி பஸ் டிக்கெட்டாகவும் முட்டையாகவும் வீட்டுக்கு இடம் மாறிவிடுகிறது. அப்படியும் வீட்டுச் சிகிச்சைதான் நல்லது. அப்பா ஒரு வருஷம் எங்கோ படுத்திருந்தால் நாங்கள் என்ன ஆகியிருப்போம்? ஆனால் இடம் மாறிய செலவைச் செலவே இல்லை என்று எழுதக்கூடாது.

கம்மலுக்கு வருகிறேன். 240 ரூபாய்க்கு அடகு, ரெண்டு வட்டி. அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். பட்டியலின் பத்தாவது அம்சம் கழிவு வீதம். நாளைக்குக் கிடைக்கும் நூறு ரூபாய் இன்றைய நூறு ரூபாய்க்குச் சமமில்லை என்பதால் வருங்காலச் செலவையும் பலனையும் குறைத்து மதிப்பிடுவார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 3 சதவீதம் என்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் பத்து வருஷம் கழித்து வரும் நூறு ரூபாய் இன்றைக்குச் சுமார் 74 ரூபாய். அரசாங்கத்துக்கு அந்த வீதம் பொருந்தும். ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கும் வீட்டில் நாளைய ரூபாய் இன்னும் எவ்வளவோ இளைத்துப்போகும். 2022 திருத்தத்தில் பத்தொன்பதாவதாக ஓர் அம்சம் சேர்ந்தது: செலவும் பலனும் யார் யாருக்கு எப்படிப் பங்காகின்றன என்று சொல்ல வேண்டும். இருபத்தொன்றாவது, நோயாளிகளை ஆய்வில் எப்படி ஈடுபடுத்தினீர்கள் என்று கேட்கிறது. அவற்றைப் படித்தபோது, யாரோ எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து அம்மாவிடம் விசாரித்ததுபோல இருந்தது.

போன மாதம் ஒரு கட்டுரை வந்தது. புதிய முறை மலிவு என்று முடித்திருந்தார்கள். செலவுப் பட்டியலில் மருந்து, ஆய்வகம், ஊழியர் சம்பளம் மட்டும். யாருடைய பக்கம் நின்று பார்த்தது என்று எங்கும் இல்லை. கேட்டு எழுதினேன். நோயாளிகளின் செலவைத் தாங்கள் சேகரிக்கவில்லை என்று நேர்மையாகப் பதில் வந்தது. ஒரு வாக்கியமும் சேர்த்தார்கள். முடிவு மாறவில்லை. ஆனால் அந்த மலிவு யாருக்கு என்று இனிப் படிக்கிறவருக்குத் தெரியும்.

காலமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2014-ல் உலக சுகாதார சபை ஏற்றுக்கொண்ட காசநோய் ஒழிப்புத் திட்டம், நோயால் எந்தக் குடும்பமும் நொடித்துப்போகக் கூடாது என்பதை ஓர் இலக்காகவே வைத்தது. வீட்டின் ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் அது பேரிழப்பு. பயணமும் போன கூலியும் அந்தக் கணக்கில் சேரும். இந்திய அரசு 2018 முதல் காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்கென மாதம் 500 ரூபாய் தந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ஆனது. அம்மாவின் முட்டையை யாரோ கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோடுகள் என்ன என்று அம்மாவிடம் ஒருதரம் கேட்டேன். "ஒரு கோடுன்னா அப்பா தறிக்குழியில இறங்கல. ரெண்டு கோடுன்னா நானும் தார் சுத்தல" என்றாள். கையை விட்டுப் போன காசை எண்ணாக எழுதியிருக்கிறாள். கைக்கு வராமல் போன காசுக்குக் கோடு போட்டிருக்கிறாள். நாங்கள் அதை உற்பத்தி இழப்பு என்று எழுதுகிறோம்.

நேற்று மறுபடி எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 171 நாள். முதல் 38 நாள் இரட்டைக் கோடு. முப்பத்தொன்பதாம் நாள் பஸ் காசு 3.60-லிருந்து 1.80 ஆகிறது, கோடும் ஒன்றாகிறது. அன்றைக்குத்தான் அப்பாவுக்குத் தனியாகப் போய்வரத் தெம்பு வந்திருக்கிறது. 1982 மார்ச்சுக்குப் பிறகு கோடே இல்லை.

செலவுக் கணக்கு எழுதுகிற ஒவ்வொருவரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். யாருடைய காசை எண்ணினீர்கள், யாருடையதை விட்டீர்கள் என்று எழுதிவிடுங்கள். அம்மாவின் நோட்டில் தேதி இருக்கிறது, விலை இருக்கிறது, போன கூலி இருக்கிறது. மருந்துக்கென்று அதில் ஒரு வரிகூட இல்லை.