பதினொன்றாம் எண் சட்டை

சுனில் சேத்ரி ஓய்விலிருந்து திரும்பி மீண்டும் தேசிய அணிக்கு ஆடப்போகிறார் என்ற அறிவிப்பு 2025 மார்ச் 6 அன்று வந்தபோது எங்கள் நண்பர் வட்டம் இரண்டாகப் பிளந்தது. நாவலின் வடிவம் பற்றி மாலை முழுக்க வாதிட்டும் முகம் சுளிக்காதவர்கள், நாற்பது வயது முன்கள ஆட்டக்காரர் ஒருவருக்கு இந்திய அணியில் இடம் உண்டா என்ற கேள்வியில் குரலை உயர்த்தினோம். பல வாரங்கள் நீண்ட அந்த விவாதத்தில் நாங்கள் கண்டடைந்தவற்றைத் தொகுத்துச் சொல்வதே இங்கு நோக்கம்.

சேத்ரி முதன்முறை விடைபெற்றது 2024 ஜூன் 6 அன்று, கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில், குவைத்துக்கு எதிராக. 2005இல் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிரான தன் முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்துத் தொடங்கியவர், 151 ஆட்டங்களில் 94 கோல்கள் என்ற கணக்கோடு கலங்கிய கண்களுடன் வெளியேறினார். அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் தேசிய அணிக்காக அவரைவிட அதிக கோல் அடித்திருந்தவர்கள் ரொனால்டோவும் மெஸ்ஸியும் மட்டுமே. அந்த ஆட்டம் கோலின்றி முடிந்தது. ஐந்து நாட்களில் கத்தாரிடம் தோற்று இந்தியா உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியது. 2024ஆம் ஆண்டு முழுவதும் தேசிய அணி ஒரு வெற்றிகூடக் காணவில்லை.

திரும்பி வந்தது தவறு என்று வாதிட்ட நண்பர்கள் சுனி கோஸ்வாமியை நினைவூட்டினார்கள். 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற அணியின் தலைவர் அவர். 1964இல், இருபத்தேழு வயதுகூட நிறையாத நிலையில், தேசிய அணியிலிருந்து தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். விடைபெறுதல் என்பது ஒரு வாக்கு, அதைத் திரும்பப் பெறலாகாது என்றார்கள் இவர்கள். சேத்ரியின் கோல்களில் பல சிறிய அணிகளுக்கு எதிரானவை என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக்கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோற்று, ஒரு கோலும் அடிக்காமல் திரும்பிய அணியின் தலைவரும் அவர்தானே என்பது அவர்களுடைய கேள்வி.

எதிரணியினர் கணக்கைக் காட்டினார்கள். 2024-25 இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் பெங்களூரு அணிக்காக சேத்ரி அடித்தவை 14 கோல்கள். இந்தியர்களில் அவர்தான் முதலிடம். முப்பத்தெட்டு வயதில் மீண்டும் அழைக்கப்பட்ட ரோஜர் மில்லா 1990 உலகக்கோப்பையில் நான்கு கோல்கள் அடித்து கேமரூனைக் காலிறுதிவரை கொண்டுசென்றதை எடுத்துச்சொன்னார்கள். அவர்களுக்கு வலு சேர்ப்பதுபோல, மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் மாலத்தீவை இந்தியா மூன்று கோல்களில் வென்றது. மூன்றாவது கோல் சேத்ரியுடையது. 2023 நவம்பருக்குப் பின் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

இரு தரப்பையும் கேட்டபின் எங்களுக்கு வேறொன்று உறைத்தது. சேத்ரியின் வயதைப் பற்றி இரு சாராரும் பேசினார்கள். அவருக்குப் பதிலாக யார் என்ற கேள்விக்கு எவரும் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்லவில்லை. முதியவர் விலக வேண்டும் என்றவர்களிடமும் அந்தப் பெயர் இல்லை.

இதற்கு முந்தைய தலைமுறை மாற்றம் இப்படி இருக்கவில்லை. 2011 ஆசியக்கோப்பைக்கு பாய்ச்சுங் பூட்டியா காயத்தோடு சென்றார். வயது முப்பத்து நான்கு. தென்கொரியாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராகச் சிறிது நேரம் ஆடியதோடு சரி. அவருடைய இடத்தைப் பற்றியும் அன்று பேச்சு இருந்தது. ஆனால் அதே போட்டியில் பஹ்ரைனுக்கு எதிராகவும் தென்கொரியாவுக்கு எதிராகவும் இருபத்தாறு வயது சேத்ரி கோல் அடித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் பூட்டியா ஓய்வை அறிவித்தபோது வருத்தம் இருந்தது, திகைப்பு இல்லை. வாரிசு ஏற்கெனவே களத்தில் நின்றிருந்தார்.

அதன்பின் என்ன நிகழ்ந்தது? 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது ஓர் அணி ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவரைக் களமிறக்கலாம். அது 2017-18இல் ஐந்தாகவும் 2021-22இல் நான்காகவும் குறைந்தது. பணம் போட்டு அணி நடத்துபவர் அந்த இடங்களில் முதலில் யாரை நிறுத்துவார்? கோல் அடிப்பவரைத்தான். தற்காப்பில், பக்கவாட்டில், கோல்காப்பில் இந்திய இளைஞர்களுக்கு இடம் கிடைத்தது. நடுவில் நின்று கோல் அடிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வெளிநாட்டவரிடம் போயிற்று. சேத்ரியே இதற்கு விலக்கல்ல. 2017-18இல் பெங்களூரு அணியில் வெனிசுவேலாவின் மிக்கு நடுவில் ஆட, இவர் இடப்பக்கத்திலிருந்துதான் கோல்களைத் தேட வேண்டியிருந்தது. அவரால் அது முடிந்தது. இருபது வயதில் இன்னும் தன்னை நிறுவிக்கொள்ளாத ஒருவனால் முடியுமா?

சென்னை ரசிகர்களுக்கு இன்னொரு பெயர் நினைவிருக்கும்: ஜேஜே லால்பெக்லுவா. மிசோரமிலிருந்து வந்து, சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2017-18இலும் கோப்பை வென்றபோது முன்களத்தில் ஆடியவர். தேசிய அணிக்காக 23 கோல்கள். சேத்ரியைவிட ஆறு வயதுக்கு மேல் இளையவர். 2019 ஜனவரியில் அபுதாபியில் தாய்லாந்தை இந்தியா 4-1 என வென்ற நாளில் சேத்ரி இரண்டு கோல்கள் அடிக்க, மாற்று ஆட்டக்காரராக வந்து நான்காவதை அடித்தவர் ஜேஜே. பின்னர் முழங்கால் காயம் அவரை முடக்கியது. 2023இல் ஓய்வு பெற்றார். ஒருவருடைய முழங்கால் பழுதானால் ஒரு நாட்டின் முன்வரிசையே காலியாகிறது என்றால், குறை அந்த முழங்காலிலா இருக்கிறது?

சேத்ரியைச் சுற்றிப் படர்ந்த பக்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேவுக்கு எதிராக அவர் மூன்று கோல்கள் அடித்ததைப் பார்க்க அரங்கில் இருந்தவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. மறுநாள் ஒரு காணொளியில் தோன்றி, திட்டுவதற்காகவாவது அரங்குக்கு வாருங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். அடுத்து கென்யாவுக்கு எதிரான ஆட்டத்துக்குச் சீட்டுகள் தீர்ந்துபோயின. அது அவருடைய நூறாவது ஆட்டம். இரண்டு கோல்கள் அடித்தார். நெகிழ வைக்கும் நிகழ்ச்சிதான். ஆயினும், கோல் அடிப்பவரே கூட்டத்தையும் அழைத்துவர வேண்டியிருந்தது என்பது நம் கால்பந்தின் வறுமைக்குச் சாட்சி. ஒரு தனிமனிதர் செய்யக்கூடியதையும் கடந்து அவர் செய்துவிட்டதால், அமைப்பு செய்ய வேண்டியதை எவரும் கேட்கவில்லை.

அவர் திரும்பி வந்தபின் நடந்தவை இரு தரப்புக்கும் தீனி போட்டன. 2027 ஆசியக்கோப்பைக்கான தகுதிச் சுற்றில் வங்கதேசத்துடன் கோலில்லாச் சமநிலை, ஹாங்காங்கிடம் தோல்வி. காலித் ஜமீல் பயிற்சியாளரானதும் சேத்ரி இல்லாமல் மத்திய ஆசியாவுக்குச் சென்ற அணி, 2025 செப்டம்பரில் ஓமானைப் பெனால்டிகளில் வென்று மூன்றாமிடம் பெற்றது. பிறகு அவரை மீண்டும் அழைத்தார்கள். அக்டோபரில் சிங்கப்பூரிடம் மட்காவில் தோற்று வாய்ப்பு பறிபோனது. அந்தத் தகுதிச் சுற்றில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை. 95 என்ற எண்ணிக்கையோடு இரண்டாம் முறையாக விலகினார்.

எங்கள் முடிவு இது. அணியில் இடம் என்பது கடந்தகாலத்துக்கு வழங்கப்படும் ஓய்வூதியம் அன்று. வயதுக்கு விதிக்கப்படும் தண்டனையும் அன்று. அன்றைக்கு நன்றாக ஆடுபவர் ஆடட்டும். அந்த அளவுகோலின்படி 2025 மார்ச்சில் சேத்ரியை அழைத்தது சரி. அக்டோபருக்குப் பின் விலகியதும் சரி. ஆனால் அவரோடு போட்டியிட்டு அவரை வெளியேற்ற ஓர் இளைஞன் வளர்ந்து வந்திருக்க வேண்டும். மூத்த ஆட்டக்காரருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விடைபெறல் அதுவே. அந்தக் கௌரவத்தை நாம் அவருக்கு அளிக்கவில்லை.

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம் இந்தியா 0-1 எனத் தோற்றது. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர்களிடம் அடைந்த முதல் தோல்வி. அன்று சேத்ரி அணியில் இல்லை. பழி சொல்லவும் ஆளில்லை, ஏக்கத்தோடு கூப்பிடவும் ஆளில்லை. அவரைப் பற்றிய விவாதம் மறைத்து வைத்திருந்த கேள்வி, கடைசியில் தனியாக நின்றது.